குழந்தையின் மலத்தில் ரத்தமா?

2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கல்வராயன் மலை மக்களுக்கு நல்ல சேதிதான். ஆனால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய் இது என்று வீட்டில் தெரிந்தால்தானே பலன்?

குடலில் வளரும் சதையைப் பாருங்கள். 2 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெருங்குடலில், காம்போடு கூடிய சிறு பழம்போல் ஒரு சதை தொங்கும். வலி இராது. மலத்தோடு ரத்தம் மட்டும் வரும். "உடம்புச் சூடு" என்பார் பாட்டி; "மூலம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மாதக்கணக்கில் ரத்தம் கசிந்து பிள்ளை வெளுத்துப்போகும். அப்போதும் பழி வயிற்றுப் பூச்சியின் மேல்தான்!

பயம் வேண்டாம். பெரும்பாலும் ஒரே சதைதான், புற்றுநோய் அல்ல. மயக்க மருந்து கொடுத்து, ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்தி, சுருக்குக் கம்பியால் எடுத்துவிடுவார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை.

சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். ஒரு வகையில் உதட்டில் கரும்புள்ளிகள் தோன்றும். இன்னொரு வகையில் சதைகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். கவனிக்காவிட்டால் 40 வயதையொட்டிப் புற்றாகிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாத்தா குடல் புற்றில் இறந்திருந்தால், டாக்டர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள்.

வெளுத்த பிள்ளைக்கு இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் கிராம நர்ஸும், "மலத்தில் ரத்தம் போகிறதா?" என்று தாயிடம் கேட்க வேண்டும்.