தூபா ஊதினால் தரம் போய்விடுமா?

ஒரு ரேடியோ ஸ்டேஷன் தன் பாட்டு வகையை மாற்றியதுமே "தரம் போச்சு, எல்லாம் காசுக்காக" என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்காக ஒரு நிஜக் கதை.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 97.9 எஃப்.எம். என்று ஒரு ஸ்பானிஷ் மொழி நிலையம். உருகி உருகிப் பாடும் காதல் பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தது. 1992-ல் கே.எல்.ஏ.எக்ஸ். என்று பெயரையே மாற்றிக்கொண்டு, மெக்சிகோவின் பாண்டா, ராஞ்சேரா இசைக்குத் தாவியது. ட்ரம்பெட், தூபா, மேளம் என்று ஒரே அமர்க்களம்! சில மாதங்களில் என்ன ஆச்சு தெரியுமா? ஆங்கில நிலையங்களையும் தள்ளிவிட்டு நகரத்திலேயே நம்பர் 1!

அந்த நேயர்கள் வானத்திலிருந்தா குதித்தார்கள்? தோட்ட வேலை செய்துகொண்டு, ஓட்டல்களில் பாத்திரம் கழுவிக்கொண்டு அங்கேயேதான் இருந்தார்கள். அவர்கள் ரசனையை யாரும் மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

காசுக்காகத்தான் மாற்றினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவணமில்லாமல் குடியேறியவர்களைக் குற்றவாளிகளாக்கும் மசோதாவை எதிர்த்து, 2006 மார்ச் 25 அன்று அதே நகரில் சுமார் 5 லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்களே, அவர்களைத் திரட்டியதில் பெரும்பங்கு யாருக்கு? இந்த மாதிரி 'தரம் கெட்ட' ஸ்பானிஷ் ஸ்டேஷன்களின் காலை நேர அறிவிப்பாளர்களுக்கு! 97.9-ல் பேசிய 'எல் குகூய்' அதில் ஒருவர்.

அடுத்த முறை "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்பதற்கு முன், அதை யார் கேட்கிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள் சார். மாற்றுக் கருத்து இருந்தால் சண்டைக்கு வாங்க, நான் ரெடி!