கண்ணாடி உடைந்தால் தட்டாரிடம் போங்கள்!

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் இப்போது எங்களுக்குக் கொச்சி இடப்பள்ளிதான். அம்மா போன பிறகு அப்பா நெல்லையை விட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டார். நான் டல்லாஸிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற ஆள்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் என் மகன் தாத்தாவின் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டான். காதுக்கம்பி கீலோடு பிய்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, லென்ஸ் இரண்டும் பத்திரம். அப்பாவுக்கு மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா அத்தானா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

கடையில் (பெயர் வேண்டாம்) அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ரிப்பேர் ஆகாது சார். புது பிரேம், புது லென்ஸ். ஒரு வாரம் ஆகும்." லென்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். இந்த பிரேமுக்கு வெட்டிய லென்ஸ் வேறு எதிலும் உட்காராது என்றார்கள். அது உண்மை. ஆக, ஒரு கீல் போனதற்கு முழுக் கண்ணாடியின் விலை, கூடவே அப்பாவுக்கு ஒரு வாரம் இருட்டு.

பக்கத்து வீட்டுச் சேச்சிதான் வழி சொன்னார். நகைக்கு லேசர் வைக்கிற பட்டறையில் கேளுங்கள் என்றார். மெட்ரோ பிடித்து எம்.ஜி. ரோட்டில் இறங்கி, விசாரித்துப் போனோம். தட்டார் வாங்கிப் பார்த்தார். லென்ஸைக் கழற்றினார். மைக்ராஸ்கோப் வைத்த ஒரு பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டார். டிக், டிக் என்று சத்தம். பத்து நிமிடம்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய முறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். வெள்ளிப் பொடி உருகவே அறுநூறு டிகிரிக்கு மேல் வேண்டும். பக்கத்தில் உள்ள பெயின்ட் எல்லாம் கருகிவிடும். லேசரில் சூடு சில மில்லிசெகண்ட்தான், அதுவும் ஒரு மில்லிமீட்டருக்குள். அதனால் வேலை நடக்கும்போதே பிரேமைக் கையில் பிடித்திருக்க முடிகிறது. டைட்டானியம் பிரேம் என்றால் ஆர்கான் வாயு ஊதிக்கொண்டே ஒட்ட வேண்டும். காற்று பட்டால் ஒட்டிய இடம் நொறுங்கிவிடும்.

என் வாதம் இதுதான். கண்ணாடிக்கடையில் அந்த மெஷின் இல்லாதது குற்றமில்லை. ஆனால் 'எங்களிடம் வசதி இல்லை' என்பது வேறு, 'ரிப்பேர் ஆகாது' என்பது வேறு. இரண்டாவதைச் சொன்னால் கேட்பவர் அங்கேயே நம்பிப் பணத்தை எடுத்துவிடுவார். தனியாக இருக்கும் நம் அப்பா அம்மாக்கள் நிச்சயம் எடுத்துவிடுவார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளில்தான் ஆரம்பித்தார்கள். தினமும் முகத்தில் மாட்டுகிற கண்ணாடி அந்த நான்கில் இல்லை.

எல்லாம் ஒட்டும் என்றும் சொல்லமாட்டேன். வளைத்தால் திரும்ப நிமிரும் நிக்கல்-டைட்டானியம் பிரேமை நம்பி ஒட்ட முடியாது. பிளாஸ்டிக்குக்கு இது உதவாது. ஒட்டிய இடத்தில் நிறம் போய் வெள்ளிப் புள்ளி ஒன்று தெரியும். முக்கியமாக, அவசரப்பட்டு பெவிக்விக் போடாதீர்கள். பசை இருந்தால் லேசர் பட்டதும் கரியாகி ஒட்டு கெட்டுவிடும். ஈயப் பற்று வைத்திருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று. அதிகப் பவர் உள்ள பெரியவர்களுக்கு இரண்டாவது கண்ணாடி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். பாதாம், பிஸ்தா, சாக்லேட் என்று பெட்டி நிறையத் தூக்கிக்கொண்டு போகிற நான், இத்தனை வருஷத்தில் இதை யோசித்ததே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூலி முந்நூறு ரூபாய். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் என்னைப் பார்த்தார். "என்னடே, இவ்வளவு நரைச்சிட்டு?" என்றார். :-)

உங்கள் ஊரில் இப்படி லேசர் வைத்து ஒட்டுகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள். யாருடைய அப்பாவுக்காவது உதவும்.