சுரங்கக் கூரை சொல்லிவிட்டுத்தான் விழுகிறது... கேட்டவர் வேலையை நிறுத்த முடியுமா?

2025 மார்ச் 6. மத்தியப் பிரதேசத்தின் பெதுல் மாவட்டத்தில், வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் சத்தர்பூர்-1 நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூரை சரிந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

இறந்த மூவரில் ஒருவர் உதவி மேலாளர். இன்னொருவர் ஓவர்மேன், அதாவது ஷிஃப்டை மேற்பார்வை செய்பவர். மூன்றாமவர் மைனிங் சர்தார். தன் பகுதியின் கூரை, காற்றோட்டம், வாயு எல்லாவற்றையும் சோதித்து, 'ஆட்கள் உள்ளே வரலாம்' என்று சொல்ல வேண்டியவர். சுரங்கப் பாதுகாப்பு தெரியாதவர் என்று இவர்களில் ஒருவரைக் கூடச் சொல்ல முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இதே கதைதான். 2022 மார்ச்சில் தெலங்கானாவின் ராமகுண்டம் பகுதியில், சிங்கரேணி நிறுவனத்தின் அட்ரியாலா சுரங்கத்தில் கூரை சரிந்து மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு நான்கு மாதங்கள் முன்பு, 2021 நவம்பரில், மஞ்சேரியல் மாவட்டத்தில் அதே நிறுவனத்தின் இன்னொரு சுரங்கத்தில் நான்கு பேர்.

நமக்கு இந்தச் செய்திகள் நினைவில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. காரணம் இருக்கிறது.

மொத்தமாக நடந்தால் சினிமா, சில்லறையாக நடந்தால்?

1975 டிசம்பரில், இன்றைய ஜார்கண்டில் உள்ள சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு 1979-ல் 'காலா பத்தர்' படம் வந்தது. 1989-ல் ராணிகஞ்சில் வெள்ளம் சூழ்ந்த சுரங்கத்திலிருந்து 65 பேர் இரும்புக் கூண்டு மூலம் மீட்கப்பட்டார்கள். அதுவும் 2023-ல் படமானது.

கூரைச் சரிவு அப்படி இல்லை. இன்று ஒருவர், அடுத்த மாதம் இருவர் என்று சில்லறையாகக் கொல்லும். ஆனாலும் இந்தியாவின் நிலத்தடிச் சுரங்கங்களில் நீண்ட காலமாகவே உயிர்ப்பலிக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இதுதான். தலைப்புச் செய்தி ஆகாத அளவுக்குச் சின்ன எண்ணிக்கையில் நடப்பதால், யாருக்கும் பெரிய நெருக்கடி வருவதில்லை.

கூரை ஏன் விழுகிறது?

தமிழ்நாட்டில் சுரங்கம் என்றால் நெய்வேலி ஞாபகத்துக்கு வரும். அது திறந்தவெளிச் சுரங்கம். மேல் மண்ணை முழுதாக அகற்றிவிட்டு வெட்டுவதால், தலைக்கு மேல் வானம்தான் இருக்கும். நிலத்தடிச் சுரங்கத்தில் நிலைமை வேறு. பல பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை பாறை தலைக்கு மேல் இருக்கும்.

நிலக்கரி, மணற்கல்லுக்கும் களிப்பாறைக்கும் நடுவே ஓர் அடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த அடுக்கில் பாதை வெட்டினால், அதுவரை கரி தாங்கிய எடை பக்கத்துத் தூண்களுக்குப் போகும். பாதைக்கு நேர் மேலே உள்ள பாறை, நடுவில் தாங்கல் இல்லாத பலகை மாதிரி மெல்லத் தொய்யும். அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். விரிசல் இருந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ சரிவு சீக்கிரமே வரும்.

இந்தியாவில் பரவலாக உள்ள முறையில், குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகள் வெட்டி, நடுவில் நிலக்கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். பிறகு திரும்பி வரும்போது அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். பின்னால் காலியான இடத்தில் கூரை விழத்தான் வேண்டும். அது திட்டமிட்ட சரிவு. அந்தச் சரிவு நேரம் தவறி, ஆட்கள் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டால்தான் ஆபத்து. அதனால் தூண் எடுக்கும் கட்டம் மிகவும் கவனம் தேவைப்படும் கட்டம்.

இன்னொரு ஆபத்தான இடம், புதிதாகக் கரி வெட்டிய முகப்பு. அங்கே கூரை அப்போதுதான் வெளியே தெரிந்திருக்கும். முட்டுக் கொடுக்கும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும். அந்த இடைவெளியில் யார் உள்ளே போகிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

தட்டிப் பார்த்தால் தெரியும்

சந்தையில் மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கணீர் என்றால் நல்ல பானை, சத்தம் மங்கினால் கீறல். சுரங்கத்திலும் இதே வித்தைதான். கழியால் கூரையைத் தட்டுவார்கள். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிரிந்து நிற்கும் பாறை உள்ளே காலியாக இருப்பதுபோல ஒலிக்கும். அதை நீளக் கம்பியால் நெம்பித் தள்ளிவிட்ட பிறகுதான் அதன் கீழே போக வேண்டும்.

மரமுட்டு இருந்த காலத்தில் அதுவும் பேசும். எடை ஏறும்போது மரம் முனகும், நார் நாராகப் பிளக்கும். ஓடிவிட அவகாசம் கிடைக்கும். இப்போது மரத்தின் இடத்தை ரூஃப் போல்ட் எடுத்துக்கொண்டது. கூரையில் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சிமென்ட் அல்லது ரெசின் கொண்டு இறுக்கினால், பிரியப் பார்க்கும் அடுக்குகள் தைத்த புத்தகம் மாதிரி ஒன்றாக நிற்கும். கூரை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு பட்டைகளில் காட்டும் கருவியும் உண்டு.

ஆக, கூரை பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. சத்தம், விரிசல், உதிரும் துணுக்குகள், கருவியின் நிறம் என்று ஏதோ ஒரு வகையில் சொல்லிவிடுகிறது. பிறகும் ஏன் சாவு?

கருவி மட்டும் காப்பாற்றாது

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு ஒரு பதில் தருகிறது. 1940-களின் இறுதியில் அங்கே ரூஃப் போல்ட் வேகமாகப் பரவியது. கூரைச் சாவுகள் இனி குறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அடுத்த 10 ஆண்டுகளில் சாவு விகிதம் எதிர்பார்த்த மாதிரி குறையவே இல்லை. காரணம், பல நிறுவனங்கள் போல்ட்டை முதலில் உற்பத்தியைக் கூட்டும் வழியாகத்தான் பார்த்தன. மரமுட்டு வழியை மறைக்காததால் பெரிய இயந்திரங்கள் சுலபமாக ஓடின. செலவு மிச்சம் பிடிக்க போல்ட்களைக் குறைத்துப் போட்டார்கள்.

1968-ல் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்த பிறகுதான் 1969-ல் கடுமையான சட்டம் வந்தது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அரசு ஒப்புதல் பெற்ற கூரைத் திட்டம் கட்டாயம் ஆனது. ஒவ்வொரு நிலத்தடிச் சுரங்கத்தையும் ஆண்டுக்கு 4 முறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். ஆபத்து என்று புகார் சொன்ன தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது. இவை வந்த பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. 2016-ல் அந்த நாட்டில் கூரை சரிந்து ஒரு நிலக்கரித் தொழிலாளி கூட இறக்கவில்லை. சுரங்கங்கள் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் இரும்புக் கம்பி அதேதான். அதைச் சுற்றியிருந்த விதி மாறியது.

இங்கே விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் விதி இல்லை என்று சொல்ல முடியாது. 2017-ன் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், கூரையைக் கண்காணிக்கத் திட்டம் வைத்திருக்கச் சொல்கின்றன. தன்பாத்தில் தலைமையிடம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் ஆய்வு செய்கிறது. ஆபத்து தெரிந்தால் ஆட்களை வெளியேற்றும் கடமை சர்தாருக்கு உண்டு.

ஓட்டை இருப்பது வேறு இடத்தில். 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். முதலாளி ஒப்புக்கொண்டால் உடனே சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் சொல்வதே இறுதி.

நல்ல விஷயம்தானே? ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்றால் இது போதும். சுரங்க முகப்பில் போதாது. கூரை மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வரை காத்திருக்காது. புகார் போய், ஆய்வாளர் முடிவு சொல்லும் வரை அந்தத் தொழிலாளி எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தப் பிரிவில் நேரடியான பதில் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1995-ம் ஆண்டு சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 176, இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது: கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அந்த இடத்தைவிட்டு விலகுவது தொழிலாளியின் உரிமை. இந்தியா அதை ஏற்கவில்லை.

'ஆளாளுக்கு வேலையை நிறுத்தினால் உற்பத்தி என்ன ஆகும்?' என்று நிர்வாகங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால், தவறான எச்சரிக்கைக்கு விலை அரை ஷிஃப்ட். சரியான எச்சரிக்கையைத் தட்டிக்கழித்தால், மாதக்கணக்கில் விசாரணை, மூடிக்கிடக்கும் முகப்பு, அதற்கும் மேலாகத் திரும்பி வராத உயிர்கள்.

நடைமுறையில் பயம் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. 'சார், மேல சத்தம் சரியில்ல, இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்ல நிரந்தரப் பணியாளரே தயங்குவார். நாள் கூலி போய்விடும், நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற நிலையில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி எப்படிச் சொல்வார்? டன் கணக்கு கேட்கும் அதே நிர்வாகத்துக்குக் கீழே இருக்கும் சர்தாருக்கும் இதே நெருக்கடிதான்.

ஏன் இப்போது பேச வேண்டும்?

2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதில் மிகப் பெரும் பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கேயும் சரிவு இல்லாமல் இல்லை: 2016 டிசம்பரில் ஜார்கண்டின் ராஜ்மகல் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் இறந்தார்கள். அத்தோடு, திறந்தவெளிச் சுரங்கம் ஊரையும் வயலையும் விழுங்குகிறது. இந்த நிலையில், நிலத்தடி உற்பத்தியை 2030-க்குள் 10 கோடி டன்னாக உயர்த்த மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. இது இப்போதைய அளவைப்போல இரு மடங்குக்கும் அதிகம்.

கரி வெட்டும் பெரிய இயந்திரங்கள் வந்தால், புதுக் கூரைக்குக் கீழே நிற்கும் ஆட்கள் குறைவார்கள். அது உண்மை, வரவேற்க வேண்டியதும் கூட. ஆனால் அட்ரியாலாவும் நவீன இயந்திரச் சுரங்கம்தான்.

கூடுதல் கரி வேண்டும் என்றால் அதோடு மூன்று விஷயங்களும் வர வேண்டும். 176-ம் உடன்படிக்கையை ஏற்று, ஆபத்தான இடத்தைவிட்டு விலகும் உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும். விலகிய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து. ஒவ்வொரு கூரைச் சரிவின் விசாரணை அறிக்கையும் பொதுவெளிக்கு வர வேண்டும்; ஒரு சுரங்கம் கற்ற பாடம் அடுத்த சுரங்கத்துக்குப் போக அதுதான் வழி.

கழியால் தட்டியவரின் காதுக்கு மறு ஷிஃப்ட் வரை காத்திருக்காத அதிகாரம் வேண்டும். சத்தம் மங்கலாக இருந்தால், அவர் சொன்ன 'வேண்டாம்' அந்த நிமிடமே செல்ல வேண்டும்.