மேகம் மறைத்த நிலா



பிறை இருபத்தொன்பதில் மேகம் மூடிக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? மஃரிபுக்குப் பின் சற்று நேரம் கடற்கரையில் நின்று பார்த்துவிட்டு, வானொலி அறிவித்தலுக்காக வீடு திரும்புவோம். ஆனால் மேகத்துக்குப் பின்னால் நிற்கும் நிலாவைக் கொண்டே வானத்தை அளந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

தமிழ்நாட்டின் நீலகிரி மலையில், உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ரேடியோத் தொலைகாட்டியைக் கட்டி 1970இல் முடித்தது. முழுவதும் இந்தியாவிலேயே வடிவமைத்தது. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி எதுவும் அதில் இல்லை. 24 வளைந்த இரும்புச் சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய கம்பிகள். துணி காயப்போடும் கொடியை அரைக் கிலோமீற்றருக்கு இழுத்துக் கட்டினாற்போல, ஒவ்வொன்றும் 530 மீற்றர் நீளம்!

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீற்றர் உயரத்தில், 66 கிண்ணங்களோடு 'அல்மா' என்றொரு நிலையம் இருக்கிறது. அது பிடிப்பது மில்லிமீற்றர் அளவுள்ள நுண்ணலைகளை. காற்றிலுள்ள ஈரம் அவற்றை விழுங்கிவிடும் என்பதால்தான் வறண்ட இடம் தேடிப் போனார்கள். உதகையின் அலை கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். மழையும் மூடுபனியும் அதற்குத் தடையில்லை.

பின் மலை எதற்கு? சரிவுக்காக. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு தேடியது, வடக்குத் தெற்காகச் சுமார் 11 பாகை சரிந்த ஒரு மலைச்சாரலை. அந்த ஊரின் அகலக்கோடும் அதுவே. ஆகவே தொலைகாட்டியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டது. ஒரு திசையில் திருப்பினாலே போதும், ஒன்பதரை மணி நேரம் ஒரே பொருளைத் தொடரலாம். (கல்முனையில் கட்டுவதென்றால் ஏழு பாகைக்குச் சற்று அதிகமான சரிவு வேண்டும். நமது மட்டமான கரையில் அதற்கு எங்கே போவது!)

இனி நிலாவுக்கு வருவோம். நகரும் நிலா, தொலைதூர அண்டமொன்றை மறைக்கும்போது அங்கிருந்து வரும் ரேடியோ அலை குறைந்து நின்றுவிடும். நிலா எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது கணக்கில் தெரியும். ஆகவே மறைந்த பொருளின் இடமும் பருமனும் பிடிபட்டுவிடும்.

அக்காலத்தில் விஞ்ஞானிகள் இரண்டுபட்டிருந்தார்கள். பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருந்து வருகிறதா, ஒரு தொடக்கத்திலிருந்து மாறி வந்ததா? மங்கலான ரேடியோ மூலங்கள் சிறிதாகவும் தெரிகின்றன என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் காட்டினார்கள். உதகையின் அளவுகள் மாற்றத்தின் பக்கமே சாய்ந்தன.

ஸ்வரூப் 2020இல் காலமானார். புனே அருகே 45 மீற்றர் அகலமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட பெரிய தொலைகாட்டியை எழுப்பியதும் அவர் தலைமையில்தான்.