அலைக்கற்றைக்கு நியாயம், ஆசிரியர் நியமனத்துக்கு மட்டும் ‘தகுதி’யா?

வயர்லெஸ் நெட்வொர்க் துறையில் ஆய்வு செய்யும் எவரும் தப்பிக்க முடியாத சூத்திரம் ஒன்று உண்டு. 1984இல் ராஜ் ஜெயினும் அவரது சக ஆய்வாளர்களும் தந்த நியாயக் குறியீடு. பத்துப் பேர் ஒரே வைஃபையில் இருக்கிறார்கள். ஒருவரே மொத்த வேகத்தையும் எடுத்துக்கொண்டால் அதன் மதிப்பு 0.1. பத்துப் பேருக்கும் சமமாகக் கிடைத்தால் 1. என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதை எத்தனை முறை கணக்கிட்டேன் என்பது எனக்கே நினைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்குப் போனேன். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இடம். எதிரே அமர்ந்திருந்த பேராசிரியர்களில் ஒருவரின் கட்டுரைகளை நான் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருந்தேன். வயர்லெஸ் சேனலை எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடுவது எப்படி என்பதுதான் அவரது வாழ்நாள் ஆய்வு! அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “இளங்கலை எங்கே படித்தீர்கள்? நுழைவுத் தேர்வில் என்ன ரேங்க்?” என் ஆய்வைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. பதினைந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு வந்த முடிவு: ‘தகுதியானவர் எவரும் இல்லை’. என்னோடு வந்திருந்த யாருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. காலியாகவே கிடந்தது.

தோழர்களே, தகுதி பற்றி நமக்கு வகுப்பெடுக்கும் இந்தத் துறை தன் பாடப்புத்தகத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அலோஹா நெட்வொர்க் இயங்கத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். முழுத் திறந்த போட்டி. இந்த முறையில் சேனலின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் பயன்படும் என்கிறது கணக்கு. நேரத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினால் அது 36.8 ஆகிறது. கட்டுப்பாடற்ற போட்டி திறனை வளர்க்கும் என்பது பொய் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிய துறை இது.

இன்னொன்று. ஒரே நேரத்தில் இருவர் அனுப்பினால் மோதல் வரும். தோற்றவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பின் வரம்பு இரட்டிப்பாகும். வென்றவருக்கோ அது உடனே மிகக் குறைந்த அளவுக்குத் திரும்பிவிடும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் வென்றவரே திரும்பத் திரும்ப வெல்வார். 1994இல் வந்த ‘மக்காவ்’ என்ற நெறிமுறை பற்றிய ஆய்வுக் கட்டுரை இதை அம்பலப்படுத்தியது: ஒருவர் சேனலையே பிடித்துக்கொள்ள, மற்றவருக்கு ஒன்றுமில்லை. தோற்றவருக்குத் திறமை போதாது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதவில்லை. விதியை மாற்றினார்கள். இருவருக்கும் ஏறக்குறைய சமமாகக் கிடைத்தது.

என் வாழ்க்கையும் அந்த விதிப்படிதான் ஓடியது. முதல் வாய்ப்புக் கிடைத்தவருக்கு ஆய்வு மாணவர்கள், ஆய்வுக்கூடம், நிதி, வெளிநாட்டு மாநாடுகள், அங்கிருந்து பரிந்துரைக் கடிதங்கள். தோற்ற நான் தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேர வகுப்பு. ஏப்ரல், மே வந்தால் பிள்ளை பிடிக்க ஊர் ஊராக அலைய வேண்டும். மீதி நேரம் அங்கீகாரக் குழுவுக்குக் கோப்பு தயாரிக்க. அடுத்த நேர்காணலில் கேட்டார்கள்: “மூன்று ஆண்டுகளாக ஏன் கட்டுரை இல்லை?”

இது என் ஒருவனின் புலம்பல் அல்ல. ஐ.ஐ.டி.களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர்களில் தலித், ஆதிவாசிகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் எழுதியது ‘நேச்சர்’ இதழ். ஐ.ஐ.டி. ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டுக்கு ஒன்றிய அரசு ஆணையிட்டதே 2008இல்தான். அதுவும் தொழில்நுட்பப் பாடங்களில் தொடக்க நிலைப் பணிக்கு மட்டும். எல்லா நிலைகளுக்கும் விரிவாக 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே என்ன நடந்தது? இடஒதுக்கீட்டைச் செம்மையாக நடைமுறைப்படுத்த வழி சொல்லுங்கள் என்று அமைக்கப்பட்ட குழு, டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் தலைமையிலான குழு, ஐ.ஐ.டி.களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்தே விலக்குக் கேட்டது!

‘தகுதியான முனைவர்கள் கிடைப்பதில்லை’ என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆளெடுப்பது யார்? இதே பேராசிரியர்கள்தானே? அங்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள் நிரப்பப்படாததைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வந்த தரவுகள் காட்டிவிட்டன. வாசலில் நின்று மறித்துவிட்டு, உள்ளே யாரும் வரவில்லை என்று அங்கலாய்ப்பதற்குப் பெயர் அறிவியலா?

சேனலை முன்கூட்டியே ஒருவருக்கு ஒதுக்குவதை இவர்களின் பாடப்புத்தகமே ‘ரிசர்வேஷன்’ என்றுதான் அழைக்கிறது. ரேடியோ அலைக்கு ரிசர்வேஷன் என்றால் பொறியியல். எங்களுக்கு என்றால் தரம் தாழ்ந்துவிடுமாம்! ஒன்றில் பாக்கெட் போகிறது. இன்னொன்றில் அதிகாரம் கைமாறுகிறது. அவர்களின் அச்சம் அங்கேதான் இருக்கிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. ஒவ்வொரு துறையும் தன் ஆசிரியர் பணியிடங்களின் சுழற்சிப் பட்டியலை வெளியிடட்டும். ‘தகுதியானவர் இல்லை’ என்று எழுதும் தேர்வுக்குழு, ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் காரணத்தை எழுத்தில் தரட்டும். நிரப்பாத இடம் பொதுப்பிரிவுக்குப் போகாமல் அடுத்த அறிவிப்பிலும் ஒதுக்கப்பட்ட இடமாகவே வரட்டும்.

உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் துறையில் யார் யாருக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள். வந்த எண்களை ஜெயின் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுங்கள். விடையை உங்கள் பேராசிரியரின் அறைக் கதவில் ஒட்டுங்கள். அந்தச் சூத்திரம் அவருக்கு நன்றாகவே தெரியும்.