வெள்ளைப்படுதல்: தேவை மருந்தா, மாற்று உள்ளாடையா?

"டாக்டர், எனக்கு வெள்ளைப்படுது." மகளிர் நல மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பரிசோதித்துப் பார்த்து நோய்த்தொற்று இல்லையென்றால், "நார்மல்தான்மா, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பதில் சரிதான். ஆனால், பாதிப் பதில். நோய் இல்லை, ஓகே. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரவு எட்டு மணி வரை ஈரமான உள்ளாடையோடு இருக்கும் பெண் என்னதான் செய்வது?

அந்த மீதிப் பதில் கிடைக்காத இடத்தில்தான் வாசனை வாஷ் விளம்பரங்களும், மெடிக்கல் ஷாப் மாத்திரைகளும், பாட்டி வைத்தியமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஒரே சொல், இரண்டு விஷயம்

குழப்பம் சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. உடல் அன்றாடம் சுரக்கும் திரவத்துக்கும், தொற்றால் வரும் கசிவுக்கும் தமிழில் 'வெள்ளைப்படுதல்' என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. வாயில் எச்சில் ஊறுவதை யாரும் நோய் என்பதில்லை. கண்ணில் ஈரம் இருப்பதற்கு யாரும் மருந்து தேடுவதில்லை. ஆனால் பிறப்புறுப்பில் ஈரம் என்றால் மட்டும் "உடம்பு சூடு", "எலும்பு உருகுது", "அதான் இப்படி இளைச்சுப் போறே" என்று வரிசையாக விளக்கங்கள் வந்துவிடும். எலும்பு உருகி அந்த வழியாக வெளியேறுவதில்லை. அப்படி ஒரு பாதையே உடலில் கிடையாது.

இந்தப் பயம் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. கோவாவில் பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொன்னவர்களின் புகாருக்கும் மனச்சோர்வு, பதற்றம் போன்ற மனநலச் சிக்கல்களுக்கும் வலுவான தொடர்பு இருந்தது தெரியவந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத களைப்பும் கவலையும் சில நேரம் 'வெள்ளைப்படுது' என்ற புகாராக வெளியே வருகின்றன. வெறும் மாத்திரைச் சீட்டு இதற்குத் தீர்வாகாது.

எது இயல்பு?

கருப்பை வாயும் பிறப்புறுப்புப் பாதையின் சுவர்களும் சேர்ந்து தருவதுதான் இந்தத் திரவம். உதிரும் பழைய செல்களை வெளியே தள்ளுவது இதன் வேலை. அங்கே வாழும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அந்த இடத்தின் பிஎச் அளவைச் சுமார் 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. இந்த லேசான புளிப்பில் கெட்ட கிருமிகள் வளர்வது கடினம்.

ஒரு நாளைக்கு 1 முதல் 4 மில்லி வரை சுரப்பது சாதாரணம். ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஆளுக்கு ஆள் இது மாறும். ஒரே பெண்ணுக்கும் மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மாதவிடாய் முடிந்ததும் குறைவாக இருக்கும். கருமுட்டை வெளியாகும் நாள்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும் அளவுக்கு அதிகரிக்கும். பிறகு கெட்டியாகி, பால் நிறத்துக்கு மாறும். கர்ப்ப காலத்தில் கூடும். மாதவிடாய் நின்ற பிறகு குறையும். பெண் குழந்தைகளுக்கு வயதுக்கு வருவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே தொடங்கலாம். இதைப் பார்த்து அம்மாக்கள் பதற வேண்டியதில்லை.

உள்ளாடையில் காய்ந்த பின் லேசான மஞ்சளாகத் தெரிவதும், கருப்பு உள்ளாடையில் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போவதும்கூட இயல்புதான். வெளுப்பதற்குக் காரணம், அதே அமிலத்தன்மை.

விற்பது சுத்தமா, பயமா?

'இன்டிமேட் வாஷ்' விளம்பரங்கள் சொல்வது, "பிஎச் அளவைப் பாதுகாக்கிறோம்" என்பது. அந்த வேலையை உடல் ஏற்கெனவே சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது. பிறப்புறுப்பின் உட்புறம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே சோப்பு, கிருமிநாசினித் திரவம், மஞ்சள் தண்ணீர் என எதைச் செலுத்தினாலும் முதலில் சாவது நல்ல பாக்டீரியாக்கள். அதனால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. வாடை போகவேண்டும் என்று கழுவி, கழுவியதாலேயே வாடை வருவது இப்படித்தான்.

"வெந்தயத் தண்ணி குடி, மோர் குடி" என்ற பாட்டி வைத்தியத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இயல்பான சுரப்பை அது நிறுத்தாது. நிறுத்தவும் வேண்டியதில்லை.

சரி, வசதியாக இருப்பது எப்படி?

நோய் இல்லை என்பதால் அசௌகரியமும் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கான வழிகள் எளிமையானவை.

* மாற்று உள்ளாடை: ஒரு சிறிய ஜிப் பையில் காட்டன் உள்ளாடை ஒன்றை ஹேண்ட்பேக்கில் எப்போதும் வைத்துக்கொள்ளலாம். மதிய உணவு இடைவேளையில் மாற்றினால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.
* துணி: இறுக்கமான ஜீன்ஸ், லெக்கிங்ஸ், அதற்கு உள்ளே சின்தெடிக் உள்ளாடை, மேலே சென்னை வெயில். இந்தக் கூட்டணி வியர்வையையும் ஈரத்தையும் பூட்டிவைக்கும். வீட்டுக்கு வந்ததும் தளர்வான உடைக்கு மாறுவது நல்லது.
* கழுவுதல்: தினமும் ஒருமுறை வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீராலோ வாசனையில்லாத மென்மையான சோப்பாலோ கழுவினால் போதும். ஹெல்த் ஃபாசெட் தண்ணீரை உள்ளே பீய்ச்சக் கூடாது. கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக இருக்க வேண்டும்.
* பேன்டி லைனர்: அதிகம் சுரக்கும் நாள்கள், பயணம், நீண்ட மீட்டிங் என்றால் பயன்படுத்தலாம். வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலை முதல் இரவு வரை ஒரே லைனர் என்பது ஈரத் துணியை விட மோசம்.
* காயப்போடும் இடம்: ஹாஸ்டலோ வீடோ, உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. முழுசாகக் காயாத துணியை மறுநாள் போட்டுக்கொள்வதும் தொடர்கிறது. வெயிலில், காற்றோட்டத்தில் காயப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்போது டாக்டர்?

இயல்பு எது என்று தெரிந்தால்தான் மாற்றமும் கண்ணில் படும். தயிர் திரிந்தது போலக் கட்டியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில், மீன் வாடையுடன் நீர்த்திருந்தால் பாக்டீரியா சமநிலை குலைந்திருக்கலாம். மஞ்சள், பச்சை நிறத்தில் நுரையோடு வந்தால் பாலியல் தொற்றாக இருக்கலாம். அடிவயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் சேர்ந்தால் தள்ளிப்போடவே கூடாது. உடலுறவுக்குப் பிறகோ, மாதவிடாய் நின்ற பின்னரோ ரத்தம் கலந்து வந்தால் உடனே பரிசோதனை அவசியம். கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குத் தண்ணீர் போலக் கசிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் "வெள்ளைப்படுதலுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று வாங்குவது இங்கேதான் ஆபத்தாகிறது. பூஞ்சைக்கான மாத்திரை பாக்டீரியாவைத் தொடாது. பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டியிருக்கும். கவுன்ட்டரில் தரும் மாத்திரை அதையெல்லாம் கண்டுபிடிக்காது.

"எல்லாமே நோய்" என்று பயந்தவர்களுக்குக் காசும் நிம்மதியும் போகிறது. "எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கிறதுதானே" என்று விட்டவர்களுக்குச் சில நேரம் உயிரே போகிறது. இரண்டுக்கும் காரணம் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான். மாதவிடாயைப் பற்றிப் பள்ளியில் பேச ஆரம்பித்துவிட்டோம். மாதத்தின் மற்ற இருபத்தைந்து நாள்களைப் பற்றியும் பேசலாமே!