உயில் வீட்டின் விற்பனை: கட்டாயம் நீங்கினால் போதுமா?

சென்னையில் ஓர் இந்து தன் வீட்டை உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தால், அந்த உயிலுக்குப் ‘புரொபேட்’ என்னும் நீதிமன்றச் சான்று பெற்றாக வேண்டியிருந்தது. பெறாவிட்டால் அந்த உயிலைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் உரிமையை நிலைநாட்ட முடியாமல் இருந்தது. 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டத்தில் வேர் கொண்ட இந்த ஏற்பாடு, பிறகு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213ஆவது பிரிவாகத் தொடர்ந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது.

வரவேற்க வேண்டிய முடிவு இது. உயிலும் சொத்தும் தாம்பரத்தில் இருந்தால் புரொபேட் வேண்டாம், மயிலாப்பூரில் இருந்தால் வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இருக்கவில்லை. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு கிடைத்தது. காலனியாட்சிக் காலத்து மாநகர எல்லையின் எச்சத்தை இந்துக் குடும்பங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால், இனி காரியம் முடிந்த கையோடு வீட்டை விற்றுவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. புரொபேட் மனு போட்டால் வாரிசுகளுக்கு அறிவிப்பு போகும். சாட்சிக் கையெழுத்திட்டவர் உறுதிமொழி தருவார். ஆட்சேபம் இருந்தால் வழக்காக மாறும். இவ்வளவையும் தாண்டி வரும் சான்று, உயில் உண்மையானது என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு இல்லாதபோது, உயில் உண்மைதானா என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. அது வீட்டை வாங்குபவரின் தலையில் போய் விழுகிறது.

அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்ததும், வங்கியின் சட்ட ஆலோசகர் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று கேட்பார். உயிலில் மகனுக்கு வீடு என்றிருக்கும். வாரிசுச் சான்றில் இரண்டு மகள்களின் பெயரும் இருக்கும். ‘அவர்களும் ஒப்புதல் தந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடட்டும்; அல்லது விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும்; இரண்டும் இல்லையென்றால் புரொபேட் கொண்டுவாருங்கள்’ என்பார். சட்டம் கைவிட்ட கட்டாயம் இப்படிச் சந்தை வழியாகத் திரும்பி வரும்.

உயிலே இல்லாத வீட்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. பல குடும்பங்கள் அந்தப் பாட்டியை மறந்துவிடுகின்றன. மகனுக்குப் பிறகு அவரும் உயிலின்றி இறந்தால், அவருடைய பங்கு அவரின் மற்ற பிள்ளைகளுக்கும் போகும். கிரயம் முடிந்து ஆண்டுகள் கழித்துச் சித்தப்பாவோ அத்தையோ பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அது பேராசையல்ல. சட்டம் தந்த உரிமை.

நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருக்கும்போதே விற்க நினைப்பவர்கள், கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். உயிலை நிறைவேற்ற அதிலேயே நியமிக்கப்பட்டவருக்கு, உயில் தடுக்காதவரை, வீட்டை விற்கும் அதிகாரம் உண்டு. உயில் இல்லாதபோது நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியோ, நீதிமன்ற அனுமதி இல்லாமல் வீட்டை விற்கக் கூடாது. விற்றால், சொத்தில் உரிமையுள்ள வேறொருவர் அதை ரத்து செய்யக் கோரலாம். இறந்தவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் பொதுவாக அவருடைய மரணத்தோடு செத்துப்போகிறது. அதைக் காட்டி அட்வான்ஸ் வாங்குவது மோசடி.

அவசரத்தின் விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர்கள் பெண்கள்தான். ‘அண்ணன் சொல்கிறான், கையெழுத்துப் போடு’ என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்காத மகள்கள் ஏராளம். கட்டாயப் புரொபேட்டின் தாமதம் கொடுமைதான். ஆனால், அந்த நடைமுறை அனுப்பிய அறிவிப்பு, பல மகள்களுக்கு உயிலைப் படித்துப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பாக இருந்தது. அதுவும் போய்விடக் கூடாது.

எனவே, செய்ய வேண்டியவை மூன்று. விரும்பிப் புரொபேட் கேட்போரின் மனுவுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், குறித்த காலத்துக்குள் குறைந்த கட்டணத்தில் சான்று தர உயர் நீதிமன்றம் வழிசெய்ய வேண்டும். உயிலின் அடிப்படையில் பட்டா மாற்றவோ கிரயம் பதியவோ வருபவர், எல்லா வாரிசுகளுக்கும் எழுத்தில் தெரிவித்ததற்கான ஆதாரத்தைத் தர வேண்டுமெனத் தமிழக அரசு விதிக்க வேண்டும். இறப்புப் பதிவேட்டைப் பதிவுத் துறையின் கணினியோடு இணைத்து, இறந்தவரின் அதிகாரப் பத்திரத்தில் கிரயம் பதிவாவதைத் தடுக்க வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. அட்வான்ஸ் வாங்கும் முன் எல்லா வாரிசுகளும் ஒன்றாக உட்கார்ந்து உயிலைப் படியுங்கள். விலையையும் பங்கையும் எழுத்தில் வையுங்கள். ஒருவர் மறுத்தாலும் விற்பனையை நிறுத்திவிட்டு நீதிமன்றம் போங்கள். வீட்டை விற்பதில் ஏற்படும் தாமதத்தைச் சமாளித்துவிடலாம். உடன்பிறந்தவர்களுக்கு இடையே தலைமுறை தாண்டியும் நடக்கும் வழக்கைச் சமாளிக்க முடியாது.